நூறு வருடம் கழித்துப் படிக்க எழுதப்பட்ட நோட்டுகள்

போன செமஸ்டர் ரெக்கார்ட் நோட்டை கடைசி ராத்திரியில் உட்கார்ந்து, சீனியருடைய நோட்டைப் பார்த்து அப்படியே எழுதித் தள்ளிய கோஷ்டியில் நானும் ஒருவன் என்பது வகுப்பு நண்பர்களுக்குத் தெரியும். 'அப்சர்வேஷன்' என்று தலைப்புப் போட்டு, எதையும் அப்சர்வ் பண்ணாமலே எழுதினோம் :-) அந்தக் குற்ற உணர்ச்சியோ என்னவோ, ஜோசப் கிரின்னல் என்ற மனிதரைப் பற்றிப் படித்ததிலிருந்து அவர் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறார். அதனால் இந்த முறை கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் எலிகள்.

கதை ஒரு விபத்தில் ஆரம்பிக்கிறது. ஹவாய் தீவுகளில் கரும்புத் தோட்டம் வைத்துப் பெரும் பணக்காரரான சாமுவேல் அலெக்சாண்டர், 1904-ல் மகள் ஆனியோடு ஆப்பிரிக்காவுக்குப் போனார். விக்டோரியா நீர்வீழ்ச்சிக்கு அருகில் மேலிருந்து உருண்டு வந்த பாறை தாக்கி இறந்துபோனார். ஊர் திரும்பிய ஆனி அலெக்சாண்டருக்கு அதற்குப் பிறகு வாழ்க்கையில் உருப்படியான வேலை ஒன்று தேவைப்பட்டது. ஏற்கெனவே புதைபடிவம் தோண்டுவதிலும் விலங்குகளைச் சேகரிப்பதிலும் ஆர்வம் உள்ளவர். பாசடீனாவில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த இளைஞர் கிரின்னலைச் சந்தித்தார். 1908-ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு விலங்குகளுக்கான அருங்காட்சியகம் உருவானது. பணம் ஆனியுடையது. முதல் இயக்குநர் கிரின்னல். அப்போது அவருக்கு முப்பத்தோரு வயது.

கிரின்னலின் கவலை எளிமையானது. தங்க வேட்டைக்குப் பிறகு கலிஃபோர்னியா வேகமாக மாறிக்கொண்டிருந்தது. காடு வயலானது, ஆறு அணையானது. மாநிலக் கொடியில் இருக்கும் அந்தக் கரடி இனமே 1920-களில் மாநிலத்திலிருந்து காணாமல் போய்விட்டது. எந்த விலங்கு எங்கே இருக்கிறது என்று இப்போதே எழுதி வைக்காவிட்டால் பிறகு யாருக்கும் தெரியப்போவதில்லை என்று அவர் நினைத்தார். 1910-ல் எழுதிய கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். இந்தச் சேகரிப்பின் உண்மையான மதிப்பு பல ஆண்டுகள், ஒருவேளை ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகுதான் தெரியும் என்கிறார். தன் ஆயுளுக்குள் பலன் வராது என்று தெரிந்தே ஒரு வேலையை ஆரம்பிக்கிற ஆள்!

1914 முதல் 1920 வரை அவரும் குழுவினரும் யோசெமிட்டி பகுதியைக் குறுக்காக அளந்தார்கள். மேற்கே சான் ஹோக்கீன் சமவெளியில் தொடங்கி, சியரா நெவாடா மலை மேல் ஏறி, மறுபக்கம் மோனோ ஏரி வரைக்கும். கோவேறு கழுதைகளில் மூட்டை கட்டிக்கொண்டு போய் முகாம் போட்டு, ராத்திரி எலிப்பொறி வைத்து, காலையில் எடுத்து, தோலை உரித்துப் பஞ்சு அடைத்து... நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. (1915-ல் லையல் பனிமலைப் பக்கம் எலிக்கு வைத்த பொறியில், அதுவரை அறிவியலுக்கே தெரியாத ஒரு சாலமாண்டர் மாட்டியது தனிக்கதை.)

ஆனால் தோல்களைவிடப் பெரிய சொத்து அந்த நோட்டுகள்தான். கிரின்னல் இதில் ரொம்பக் கறார். அழியாத மை, நல்ல தாள். அன்றைக்குப் பார்த்ததை அன்றைக்கே எழுத வேண்டும். எத்தனை பொறி வைத்தோம், எத்தனை இரவு வைத்தோம், எந்தப் பாறைக்குப் பக்கத்தில், எந்த மரத்தடியில், எவ்வளவு உயரத்தில், எத்தனை பொறி காலியாக இருந்தது... எல்லாம் உண்டு. எது முக்கியம் என்று இப்போது நமக்குத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் எழுது என்பதுதான் கட்டளை. 1924-ல் டிரேசி ஸ்டோரரோடு சேர்ந்து யோசெமிட்டி விலங்குகளைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்றும் போட்டார். 1939-ல் இறந்துவிட்டார். நோட்டுகள் அலமாரியில் இருந்தன.

2003-ல் அதே அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கிரெய்க் மோரிட்ஸ், ஜேம்ஸ் பேட்டன் முதலானோர் அந்த நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடங்களுக்குப் போனார்கள். பழைய வரைபடமும் போட்டோக்களும் பார்த்து முகாம் இருந்த இடங்களைக் கண்டுபிடித்து, மறுபடியும் பொறி வைத்தார்கள். இடையில் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் 3 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. 1890-லிருந்தே தேசியப் பூங்கா என்பதால் அங்கே வயலோ நகரமோ வரவில்லை. ஆகவே மாற்றம் ஏதாவது தெரிந்தால், முதல் சந்தேகம் வெப்பத்தின் மேல்தான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு எலி பொறியில் விழவில்லை என்றால் அந்த எலி அங்கே இல்லை என்று அர்த்தமா? அன்றைக்கு அதற்குப் பசிக்காமலும் இருந்திருக்கலாமே! கிரின்னல் காலியான பொறிகளையும் எண்ணி எழுதி வைத்திருந்ததால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. இத்தனை பொறி, இத்தனை இரவு வைத்தும் கிடைக்கவில்லை என்றால், இருந்தும் தப்பியிருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட முடிந்தது. வெறும் தோல்களை மட்டும் சேர்த்து வைத்திருந்தால் இந்த ஒப்பீடே நடந்திருக்காது.

முடிவு 2008-ல் வெளியானது. ஆராய்ந்த 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதி, மலையில் மேலே நகர்ந்திருந்தன. சராசரியாக ஏறத்தாழ 500 மீட்டர். கீழே வாழ்ந்தவை பல மேல்நோக்கிப் பரவின. மேலே வாழ்ந்தவைக்கோ இருக்கிற இடம் கீழிருந்து சுருங்கியது. ஆல்பைன் சிப்மங்க் என்ற சின்ன வரி அணிலின் கீழ் எல்லை 600 மீட்டருக்கும் அதிகமாக மேலே போய்விட்டது. ஆலன் சிப்மங்கின் நிலை இன்னும் மோசம், மேலிருந்தும் கீழிருந்தும் எல்லை நெருக்கப்பட்டது. மலை என்பது கூம்பு மாதிரி. ஏற ஏற இடம் குறையும். உச்சிக்கு மேல் ஏற எதுவும் இல்லை.

இந்த ஆல்பைன் சிப்மங்க் கதையில் பின்குறிப்பு ஒன்று உண்டு. கிரின்னல் காலத்துத் தோல்களிலிருந்து மரபணுவை எடுத்து இன்றைய அணில்களோடு ஒப்பிட்டு 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. வாழிடம் சுருங்கியதோடு மரபணு வேறுபாடும் குறைந்திருந்தது. கூட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத தீவுகளாகிக்கொண்டிருந்தன. எல்லை மாறாத லாட்ஜ்போல் சிப்மங்கில் அப்படி எதுவும் இல்லை. மரபணு என்பது என்ன பொருள் என்றே யாருக்கும் தெரியாத காலத்தில் பஞ்சு அடைத்த தோல்கள் இவை!

அடுத்து என் பிரியமான விலங்கு, பைக்கா. (பிக்காச்சுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பெயர் மின்சாரம் தெறிப்பதற்கும் எலி கீச்சிடுவதற்கும் ஜப்பானிய மொழியில் உள்ள ஒலிக்குறிப்புகளிலிருந்து வந்தது. சண்டைக்கு வராதீர்கள்.) எலி போலத் தெரிந்தாலும் இது முயலின் சொந்தக்காரர். எடை 150 கிராம் அளவு. உயரமான மலைகளில் பாறைகள் சரிந்து குவிந்த இடங்களில் வாழும். குளிர்காலத்தில் உறங்காது. அதனால் கோடையெல்லாம் புல்லையும் பூவையும் வாயில் கவ்விக்கொண்டு வந்து பாறையடியில் வைக்கோல் போர் போட்டு வைக்கும். உடம்பு வெப்பம் சாதாரணமாகவே சுமார் 40 டிகிரி. இன்னும் மூன்று டிகிரி கூடினால் செத்துவிடும். 1970-களில் ஆண்ட்ரூ ஸ்மித் செய்த சோதனையில், நிழலுக்குப் போக முடியாமல் கூண்டில் அடைபட்ட பைக்காக்கள், நம் ஊரில் இதமான காலை என்று சொல்லும் வெப்பத்திலேயே இறந்தன.

யோசெமிட்டியில் பைக்காவின் கீழ் எல்லை சுமார் 150 மீட்டர் மேலே போயிருந்தது. கிழக்கே கிரேட் பேசின் பகுதியில் 20-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் இருந்த 25 பைக்காக் கூட்டங்களை எரிக் பீவர் குழு 1990-களில் தேடிப் போனபோது, 7 இடங்களில் ஒன்றுகூட இல்லை. டாஹோ ஏரிக்கு வடக்கே 165 சதுர கிலோமீட்டர் பரப்பில் பைக்கா அற்றுப்போனது என்று 2017-ல் தெரிந்தது. அங்கே பாறை இடுக்குகளில் காய்ந்து கிடந்த பழைய புழுக்கைகளைக் கார்பன் முறையில் காலம் கணித்து, எந்த உயரத்திலிருந்து எப்போது மறைந்தது என்று கண்டுபிடித்தார்கள். கீழ்ப்பகுதியில் முதலில், மேலே கடைசியில்.

அப்படியானால் பைக்கா அழிந்தே போகுமா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை. ஒரேகான் - வாஷிங்டன் எல்லையில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கு அருகிலேயே பைக்காக்கள் வாழ்கின்றன. பாறை மேல் படர்ந்த பாசிதான் அவற்றின் உணவில் பாதிக்கு மேல். பாசி ஈரத்தோடு பாறையைப் போர்த்தியிருப்பதால் உள்ளே குளுமை. வெயிலில் வெளியே அலையவும் வேண்டாம். கலிஃபோர்னியாவில் போடி என்ற கைவிடப்பட்ட தங்கச் சுரங்க ஊரில், சுரங்கத்திலிருந்து கொட்டிய கல் மேடுகளில் பைக்கா குடியேறியது. வெயில் நேரத்தில் கல்லுக்கடியில் பதுங்கி, காலையிலும் மாலையிலும் வெளியே வரும். ஆனால் அதே போடியில் தெற்குப் பகுதிக் கூட்டம் அழிந்துவிட்டது, வடக்கில் மட்டும் தாக்குப் பிடித்தது. பனி குறைந்தாலும் ஆபத்துதான் என்கிறார்கள். பனிப்போர்வை இல்லாவிட்டால் குளிர்காலக் குளிர் நேரே பாறையிடுக்குக்குள் இறங்கிவிடும். சூடாவதால் குளிரில் சாவது! எனக்கு இதைப் புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது. அமெரிக்க அரசு 2010-ல் பைக்காவை அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்க மறுத்ததற்கு இந்த இரண்டுங்கெட்டான் நிலையும் ஒரு காரணம்.

லாசன், செக்வோயா பகுதிகளிலும் கிரின்னல் பாதையில் போய் 2015-ல் முடிவு வெளியிட்டபோது, சில இனங்கள் கீழேகூட இறங்கியிருந்தன. கிரின்னல் அளந்த மொஹாவி பாலைவனத்திலும் பார்த்தார்கள். பறவைகள் பெருமளவு குறைந்துவிட்டன, எலிகளோ கிட்டத்தட்ட அப்படியே இருந்தன. பகலில் வளைக்குள் இருந்துகொண்டு இரவில் வெளியே வரும் பழக்கம் அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. மலை உச்சிக்காரர்கள் விஷயத்தில்தான் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி, கீழ் எல்லை மேலே போகிறது.

சாலமாண்டர் பொறியில் விழுந்த இடத்துக்கு மேலே இருக்கும் லையல் பனியாறு நகர்வதை நிறுத்திவிட்டது என்று 2013-ல் பூங்கா நிர்வாகம் அறிவித்தது. கிரின்னல் குழு பொறி வைத்த லையல் பள்ளத்தாக்கில், 10,000 அடிக்கு மேலே, பேட்டனின் பொறியில் பின்யான் எலி மாட்டியது. பழைய நோட்டுகளில் அங்கே அது கிடையாது. பேட்டன் குழு அதைத் தேதி, இடம், உயரம், பொறிகளின் எண்ணிக்கையோடு எழுதி, அதே அருங்காட்சியகத்தில் சேர்த்திருக்கிறது.