லைஃப் அமங் த சாவேஜஸ் (நூல்)

லைஃப் அமங் த சாவேஜஸ் என்பது அமெரிக்க எழுத்தாளர் ஷேர்லி ஜாக்சன் (1916 - 1965) தனது குடும்ப வாழ்க்கையைப் பற்றி எழுதி, 1953 ஆம் ஆண்டில் வெளிவந்த நகைச்சுவை நூல் ஆகும். தலைப்பிற்குக் "காட்டுமிராண்டிகளிடையே வாழ்க்கை" எனப் பொருள் கொள்ளலாம். காட்டுமிராண்டிகள் எனப்படுவோர் அவருடைய பிள்ளைகளே. 1948 இல் வெளியான "த லாட்டரி" என்னும் அச்சமூட்டும் சிறுகதையை எழுதியவரும் இவரே.

வெர்மான்ட் மாநிலச் சிற்றூர் ஒன்றின் பழைய வீட்டில் சமையலுடனும் பிள்ளைகளுடனும் கழியும் ஓர் இளந்தாயின் நாட்களை நூல் விவரிக்கிறது. இதன் பல பகுதிகள் முதலில் இதழ்களில் வெளியானவை. ஒரு பகுதியில், மழலையர் பள்ளி செல்லும் மகன் சார்லஸ் என்னும் குறும்புக்கார மாணவனைப் பற்றி நாள்தோறும் கூறுகிறான். அப்பெயரில் வகுப்பில் எவரும் இல்லை என்பதை ஆசிரியையைச் சந்திக்கும்போதே தாய் அறிகிறாள்.

மூன்றாவது மகப்பேற்றிற்காக மருத்துவமனை செல்லும் பகுதி பெரிதும் அறியப்பட்டது. தொழில் என்ன என வினவும் பணியாளரிடம் அவர் எழுத்தாளர் என்கிறார். பணியாளரோ இல்லத்தரசி என்றே பதிய முனைகிறார். உண்மையில் 1950களில் அக்குடும்பத்தின் வருவாயில் பெரும்பகுதி அவரது எழுத்தினால் கிடைத்ததே.

பெட்டி ஃபிரீடன் 1963 இல் வெளியான தமது "த ஃபெமினின் மிஸ்டிக்" நூலில், தம்மை வெறும் இல்லத்தரசிகளாகக் காட்டிக்கொள்ளும் எழுத்தாளர்களுள் ஒருவராக ஜாக்சனைக் கண்டித்தார். மேற்கூறிய மருத்துவமனைக் காட்சியுடன் இக்கண்டனம் முழுமையாகப் பொருந்துவதில்லை. நூலின் தொடர்ச்சியான "ரெய்சிங் டீமன்ஸ்" 1957 இல் வெளிவந்தது.