தோம்பில் ஏறாத வீடுகள்

பழைய தெல்தெனிய நகரம் இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கிறது. மகாவலியை மறித்து எழுந்த அணை 1985 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டுகின்றன. மக்கள் திரண்டு சென்று பார்க்கின்றனர். அணையின் உயரம் 122 மீற்றர் என்பதைப் புள்ளிவிவர நூல்கள் சொல்லும். மூழ்கிய வீடொன்றின் அடுப்படி எந்தத் திசையில் இருந்தது என்பதை எந்த நூல் சொல்லும்?

வடபுலத்தில் இத்தகைய கேள்வியைக் கலையாக்கியவர் ஓவியர் தா. சனாதனன். போரினால் வீடிழந்த தமிழரையும் முஸ்லிம்களையும், தாம் வாழ்ந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து தம் கையாலேயே வரையுமாறு கேட்டார். கோணல்மாணலான அக்கோடுகளை அடுத்துக் கட்டடக்கலைஞர் அளவொழுங்கில் வரைந்த படம். பின்னர் சனாதனனின் ஓவியம். கூடவே வீட்டுக்காரரின் சொற்கள். இவ்வாறு எண்பது வீடுகள். 2011 இல் வெளிவந்த அந்நூலுக்கு ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் பெயரை அவர் இட்டார்.

தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வரி அறவிட எழுதிய காணிப் பதிவேடு. கண்டி இராச்சியத்திலும் லேகம் மிட்டி என்னும் ஏடுகள் இருந்தன. எந்த நிலத்துக்கு யார் என்ன ஊழியம் செய்யவேண்டும் என்பதை அவை குறித்தன. 1840 இல் ஆங்கிலேயர் முடிக்குரிய காணிச் சட்டத்தைக் கொணர்ந்தபோது, உரிமையை எழுத்தில் நிறுவ இயலாத குடியானவனின் காடும் சேனையும் முடிக்குரியனவாயின. தும்பறையிலே கோப்பி ஏறிற்று. ஏட்டை எழுதியவர் ஆள்வோர். அதில் எழுதப்பட்டவர் உழுவோர். சனாதனனின் தோம்பிலோ வீட்டை இழந்தவரே எழுதுநர். வரலாற்று மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இம்மாற்றத்தையே எனக் கருதுகிறோம்.

இது திடீரெனத் தோன்றிய முறையன்று. 1981 இல் எரிக்கப்பட்டு மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 2004 இல், மக்கள் தந்த அன்றாடப் பொருள்களைக் கொண்டே ஒரு படைப்பை அவர் அமைத்தார். 2016 இல் கொச்சியில் நடைபெற்ற ஈராண்டுக் கலைவிழாவில் வைத்தது நூலக அட்டவணைப் பெட்டி போன்ற ஒரு மரப்பேழை. பார்வையாளர் இழுப்பறையைத் திறந்து, அட்டையை எடுத்து வாசித்தாலன்றி அச்சிற்பம் வாய் திறவாது. மேல்நாட்டார் இத்தகைய கலைக்குப் பல பெயர்கள் சூட்டியுள்ளனர்; காமன் கூத்திலே தோட்டம் முழுவதும் நடிகராகிவிடுவதைக் கண்டவருக்கு இதில் அந்நியம் ஏதுமில்லை. ஆனால் கூத்து ஊர்நடுவே நிகழ்கிறது. இப்படைப்புகள் கலைக்கூட வட்டத்துக்குள் நின்றுவிடும் அபாயம் உண்டு.

தெல்தெனியவுக்கு ஒரு தோம்பு எழுதினால் அது எவ்வளவு தடித்திருக்கும்! நீர் கொண்ட வீடுகள் ஒருபுறம். 2018 மார்ச்சிலே திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாக்கப்பட்டன. நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. இழப்பீட்டுப் படிவம் பெறுமதியைக் கேட்கும். எந்த மூலையில் தொட்டில் தொங்கியது என்று கேட்காது. தோட்டத் தொழிலாளியின் லயன் அறையோ நான்கு கோடுகளில் முடிந்துவிடும். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் காணியுறுதி காணாத அவனுக்கு, அதனை ‘என் வீடு’ என்று எந்த ஏட்டிலே பதிவது?

பழைய தெல்தெனியவில் வளர்ந்தோர் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் ஆசிரிய நண்பர்களின் வகுப்புகளிலே அமர்ந்திருக்கின்றனர். பிள்ளையிடம் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். கிணறு எங்கே இருந்தது என்று பாட்டியிடம் கேட்டுத் தொடங்கட்டும்.