வீடு கம்பெனிக்குச் சொந்தம்

(இணையவழி நேரலை இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஒஸ்லோ நகரின் தென்கிழக்கு ஓரம், மோர்டென்ஸ்ருட்டில் இருந்து பேசுகிறேன். எனக்கு இங்கே பின்னேரம். கனடாவில் இருப்பவர்கள் காலைத் தேநீரோடு இருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் தூக்கத்தை விட்டு விழித்திருப்பவர்களுக்குத் தனி நன்றி.

இன்று ஒரு நிலக்கரி ஊரைப் பற்றிப் பேசப் போகிறேன். நோர்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கும் லொங்யீர்பியென். போன கோடையில் அங்கே போனேன். அருங்காட்சியக வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். தங்கிய விடுதியிலும் அப்படித்தான். சுரங்கத்திலிருந்து வருகிறவர் கரித்தூளை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று தொடங்கிய வழக்கமாம். நமக்கு அது புதிதில்லை என்பதால் எனக்கு உடனே அந்த ஊர் பிடித்துப்போனது.

ஊரின் பெயரிலேயே அதன் கதை இருக்கிறது. ஜோன் மன்றோ லொங்யீர் ஒரு அமெரிக்க முதலாளி. பியென் என்றால் நகரம். அவருடைய கம்பெனி 1906-இல் இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியது. 1916-இல் 'ஸ்தூர நோர்ஸ்க' என்ற நோர்வேஜியக் கம்பெனி அதை வாங்கியது. அப்பலாச்சிய மலைகளில் அமெரிக்கர்கள் கட்டிய கரி ஊர்களைப் போலவே இங்கும் வீடு, சாப்பாட்டு மண்டபம், கடை எல்லாம் கம்பெனியுடையவை. 1921-இல் எழும்பிய முதல் தேவாலயத்தைக் கட்டியதும் கம்பெனிதான். கம்பெனி தன் பெயரில் காசுத்தாளும் அடித்தது. 1980 வரை அது புழங்கியது.

கட்டடங்களைப் பார்த்தால் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று தெரிந்துவிடும். சுரங்க வாயிலுக்கு அருகே தொழிலாளருக்கு நீண்ட மரக் குடியிருப்புகள். அலுவலர்களுக்குத் தனி உணவு மண்டபம், தொழிலாளர்களுக்குத் தனி. நிலம் ஆழம் வரை உறைந்து கிடப்பதால் வீடுகள் மரத்தூண்களின் மேல் நிற்கின்றன. வீட்டுச் சூடு மண்ணில் பட்டால் உறைபனி இளகி வீடு இறங்கிவிடும். தண்ணீர்க் குழாய்களும் நிலத்துக்கு மேலாகவே ஓடுகின்றன.

அந்தக் குடியிருப்புகளின் முன்னால் நின்றபோது எனக்கு நினைவு வந்தது லயம். பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் என் அம்மாயி வாழ்ந்த லயம். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு. மேட்டில் துரை பங்களா. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். அங்கே கம்பெனிக் காசுக்குப் பதிலாக 'துண்டு' இருந்தது. தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டு அது. அது கையில் இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. 1921-இல்தான் அதைச் சட்டத்தால் ஒழித்தார்கள்.

கரியும் தேயிலையும் வேறு, பனியும் மழையும் வேறு. ஆனால் இரண்டு ஊர்களையும் கட்டிய விதி ஒன்று: வீடு வேலையின் ஒரு பகுதி. வேலை போனால் வீடும் போகும். வீட்டை வைக்கும் இடத்தைத் தீர்மானிப்பது வேலையின் வசதி. குடியிருப்பவரின் பாதுகாப்பு பிறகுதான்.

இதன் விலை என்னவென்று பதினான்கு மாத இடைவெளியில் இரண்டு மலைகள் காட்டின. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரித்திருந்தார்கள். 2015 டிசம்பர் 19 காலையில் லொங்யீர்பியெனில் மலையிலிருந்து பனி சரிந்து 11 வீடுகளைத் தள்ளிக்கொண்டு போனது. இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே மலையடிவாரத்தில் இருந்த வீடுகளை அகற்றி, வேறு இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். மேலே பனித்தடுப்பு வேலிகள் போட்டார்கள். மலையகத்தில் இன்றும் மழைக்காலம் வந்தால் சரிவுக்குக் கீழே லயங்களில் தூங்காமல் இருக்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஸ்வால்பார்டில் 1946-க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. கரி வாளிகள் தொங்கிப்போன கம்பிவடத்தின் உக்கிய மரத்தூண்கூட அப்படியே நிற்கிறது. 2025 ஜூனில் கடைசி நோர்வேஜியச் சுரங்கமான ஏழாம் இலக்கச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். நியூபியென் என்ற பகுதியில் தொழிலாளர் இருந்த கட்டடங்களில் இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்குகிறார்கள்.

இதைத் தொலைபேசியில் சின்னம்மாவுக்குச் சொன்னேன். அவர் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார். "ஆளில்லாத வீட்டையா பாதுகாக்குறாங்க?" என்று கேட்டார். "இங்க கூரைத் தகரத்த மாத்திக் கொடுத்தாப் போதும்."

எனக்குப் பதில் வரவில்லை. அங்கே வந்தவர்கள் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். திரும்பிப் போக அவர்களுக்கு ஒரு நாடு இருந்தது. நம்முடையவர்களிடமிருந்து 1948-இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கு எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியவர்கள் அதே காம்பராவில் பேரப்பிள்ளைகளையும் வளர்த்தார்கள். இப்போது சில தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் எழும்புகின்றன. எல்லாருக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

லயத்தை நினைவுச்சின்னமாகக் காக்க வேண்டும் என்று நம்மில் பலர் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். லொங்யீர்பியென் போய் வந்த பிறகு அதன் வரிசையை மாற்றிச் சொல்கிறேன். முதலில் அங்கே இருப்பவர்களின் பெயரில் காணி உறுதியும், சரிவுக்கு அப்பால் ஒரு வீடும். கடைசிக் குடும்பம் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேறிய பிறகு, ஒரு லயத்தை மட்டும் இடிக்காமல் வைப்போம். அதற்குள் போகும்போது நாமும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகலாம்.