ஆண்டிறுதித் தீர்மானங்களும் பாடசாலை வாங்கும்

1924ஆம் ஆண்டின் கடைசி நாட்களில், யாழ்ப்பாணம் ரிட்ஜ்வே மண்டபத்தில் மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் கூடி ஒரு மாநாடு நடத்தினர். யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் என்பது அவர்கள் சூட்டிய பெயர். பின்னாளில் அதுவே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. அதன் உயிர்நாடியாக விளங்கிய ஹண்டி பேரின்பநாயகத்துக்கு அப்போது வயது 25. சாதிக் கொடுமை ஒழிய வேண்டும், தேசிய உடை அணிய வேண்டும், உள்நாட்டுப் பொருளை ஆதரிக்க வேண்டும், தமிழரும் சிங்களவரும் ஒருவர் மொழியை மற்றவர் கற்க வேண்டும் என்பன அவ்வியக்கம் முன்வைத்த இலட்சியங்கள்.

நமது மொழியில் தீர்மானம் என்ற சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. சபையிலே கை உயர்த்தி நிறைவேற்றுவதும் தீர்மானம். தனி மனிதன் தன் மனத்துக்குள் செய்துகொள்வதும் தீர்மானம். புத்தாண்டு தோறும் நாம் செய்துகொள்ளும் இரண்டாவது வகைத் தீர்மானங்கள் தை மாதம் முடியுமுன்னே உதிர்ந்துவிடுவதைக் கண்டு, “பெரிதாகச் சபதம் செய்யாதீர், இயன்றதைச் சிறியதாக ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று புத்தி கூறுவோர் இன்று பலர். நல்ல புத்திதான். காங்கிரஸ் இளைஞர்களும் ஓரளவுக்கு இவ்வழியே சென்றனர். ஆங்கில மோகம் தலைவிரித்தாடிய அக்காலத்தில், கோட்டையும் கழுத்துப்பட்டியையும் கழற்றிவிட்டு வேட்டியும் சால்வையுமாகக் கல்லூரி வாயிலிற் புகுவதற்கு அரசாங்கத்தின் அனுமதி தேவைப்படவில்லை. கேலியைப் பொறுக்கும் மனம் இருந்தாற் போதும். (யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அது தியாகமன்று, சுகம் என்றே சொல்லவேண்டும்.) 1927 நவம்பர் இறுதியில் அவர்களுடைய அழைப்பின் பேரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகளும், கதர் உடுத்தல், மதுவை விலக்கல், தீண்டாமையைக் கைவிடல் என்று அவரவர் வீட்டிலிருந்தே தொடங்கக்கூடியவற்றையே வற்புறுத்தினார்.

இவற்றுள் கதர் எளிதாயிற்று. தீண்டாமையோ அவ்விதம் அகலவில்லை.

அந்நாளையப் பாடசாலைகளில் உயர்சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர்ந்தனர். ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் தரையில் அமர்ந்தனர், அல்லது ஒதுங்கி நின்றனர். ஒரு பிள்ளை நகர்ந்து மற்றொரு பிள்ளைக்கு இடம் விடுவதைக் காட்டிலும் சிறிய காரியம் உலகில் உண்டோ? செலவு ஒரு சதமும் இல்லை. ஆயினும் 1929, 1930ஆம் ஆண்டுகளில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் அளிக்கப்பட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வரத் தொடங்கியபோது குடாநாடு கொந்தளித்தது. பெற்றோர் தம் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறித்தனர். உத்தரவை மீளப்பெறுமாறு மனுக்கள் பறந்தன. சில பாடசாலைகளுக்குத் தீயும் வைக்கப்பட்டது. சிறிய தீர்மானம், எளிய தீர்மானம் என்று நாம் சொல்லும்போது அது யாருக்குச் சிறியது, யாருக்கு எளியது என்பதைக் கேட்டே ஆகவேண்டும். வாங்கில் ஒருசாண் இடம் விடுவது, அந்த இடத்தைப் பரம்பரை உடைமையாக எண்ணியவனுக்கு மலையாக நின்றது. தரையில் இருந்த பிள்ளைக்கோ அந்த ஒருசாணே வாழ்வின் வாசல்.

காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கமே நின்றது. அது அதன் வரலாற்றின் ஒளிமிக்க பக்கம் என்பது எனது கருத்து. அதற்கு அடுத்து எடுத்த தீர்மானம் மிகப் பெரியது. டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயராச்சியம் தரவில்லையென்று 1931ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அது அறைகூவியது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்யவில்லை. ஏகாதிபத்தியத்தை எதிர்த்த அந்த வீரத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சர்வசன வாக்குரிமையின்படி இலங்கையில் நடந்த முதல் தேர்தல் அதுவே. சொத்தும் கல்வியும் இல்லாத காரணத்தால் அதுவரை வாக்கற்றிருந்த கூலியாளும், மரமேறுபவனும், அவர்தம் பெண்டிரும் முதன்முதலாக வாக்களித்திருக்க வேண்டிய நாள், அந்த நான்கு தொகுதிகளிலும் வெறுமையாகக் கழிந்தது. ஆசனங்கள் 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தல் வரை காலியாகக் கிடந்தன.

வாங்கின் கதை அதற்குப் பின்னும் நீண்டது. பாடசாலையில் ஒன்றாக அமர்ந்த பிள்ளைகள் வளர்ந்து தேநீர்க் கடைக்குச் சென்றபோது, ஒருவனுக்குக் குவளையிலும் மற்றவனுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் வந்தது. 1957ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டம் சமூகக் குறைபாடுகளைக் குற்றமாக்கியது. ஏட்டில் இருந்த அச்சட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவரத் தாழ்த்தப்பட்ட மக்களும் இடதுசாரித் தோழர்களும் 1966 அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. பொலிசாரின் தடியடியையும் ஏற்க வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே செல்ல நின்றவர்களை, பேராசிரியராகவும் மந்திரியாகவும் இருந்த சி. சுந்தரலிங்கம் தலைமையில் ஒரு கூட்டம் மறித்து நின்றது. ரிட்ஜ்வே மண்டபத்து மாநாட்டுக்கு அப்போது 44 வயது நெருங்கிக்கொண்டிருந்தது, பேரின்பநாயகத்துக்கு 69.