அஞ்சுதெங்கின் ‘பேக்டரி’: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

திருவனந்தபுரத்திற்கு வடக்கே கடற்கரையில் அமைந்த ஊர் அஞ்சுதெங்கு. ஆங்கில ஆவணங்கள் இதனை அஞ்செங்கோ எனக் குறிக்கும். ஆற்றிங்கல் இராணியின் இசைவு பெற்று, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கு ஒரு ‘பேக்டரி’யையும் அதற்குக் காவலாக ஒரு கோட்டையையும் அமைத்தது. இவ்விடத்தில் ‘பேக்டரி’ என்பதைத் ‘தொழிற்சாலை’ என மொழிபெயர்ப்பது பிழையாகும். அங்கு எப்பொருளும் உற்பத்தி செய்யப்படவில்லை. மிளகு வாங்கப்பட்டது; சேமிக்கப்பட்டது; கப்பலேற்றப்பட்டது.

இச்சொல்லின் மூலம் ‘செய்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையாகும். பிறர் பொருட்டு வாணிகம் செய்யும் முகவர் ‘பேக்டர்’ எனப்பட்டார். அவர் தங்கிச் செயல்பட்ட இடம் ‘பேக்டரி’ ஆயிற்று. போர்ச்சுகீசியரின் ‘பெய்த்தோரியா’வும் இப்பொருளதே. கம்பெனிப் பணியில் ரைட்டருக்கு அடுத்த படிநிலையும் ‘பேக்டர்’ என்றே வழங்கியது. உற்பத்திக்கூடம் என்னும் பொருளும் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் தோன்றிவிட்டது. எனினும் தொழிற்புரட்சிக்குப் பின்னரே அது முதன்மை பெற்றது. இந்தியாவில் 1881இல் இயற்றப்பட்ட பேக்டரிச் சட்டம் இப்பிற்பொருளையே சுட்டுகிறது.

பிழையின் விளைவு சொல்லளவில் நிற்பதன்று. 1721இல் அஞ்சுதெங்குப் பேக்டரியின் தலைவர் கிபோர்டு, ஏறத்தாழ 140 பேருடன் இராணிக்குப் பரிசில் கொண்டு சென்றபோது அனைவரும் தாக்கப்பட்டனர், பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். தொடர்ந்து கோட்டை பல மாதங்கள் முற்றுகையிடப்பட்டது. மிளகு வாணிகத்தில் கம்பெனியார் காட்டிய முறைகேடும் செருக்குமே இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ‘தொழிற்சாலைத் தலைவர்’ எனப் பெயர்த்தால், படிப்போர் இதனைத் தொழிலாளர் கிளர்ச்சி என்று கொள்ள நேரும். வாணிகப் பூசல் வேறொரு வரலாறாகிவிடும்.

காலத்தை மட்டும் கொண்டு பொருளைத் துணிவதும் போதாது. பழைய பொருள் வழக்கொழியுமுன்னரே புதிய பொருளும் உடன் வழங்கியது. ஆதலின் பொருள் ஆக்கப்பட்டதா, கொள்முதல் செய்யப்பட்டதா என்னும் வினாவே தெளிவு தரும். 1859இல் ஆலப்புழையில் ஜேம்ஸ் டாரா தொடங்கிய கயிற்றுப்பாய் நெசவுக்கூடம் தொழிற்சாலையே. அஞ்சுதெங்கில் இருந்ததோ பண்டகசாலை. மலையாளமும் இதனைப் ‘பாண்டிகசாலை’ என வழங்கும்.

பண்டகசாலை என்னும் சொல்லும் முற்றிலும் நிகரானதன்று. அது கிடங்கை மட்டுமே உணர்த்தும். பேக்டரியில் கிடங்குடன் அலுவலகம், உறைவிடம், காவற்படை ஆகியனவும் இருந்தன. எனவே முதல் ஆட்சியில் ‘வாணிகப் பண்டகசாலை’ எனக் குறித்து, அதன் அமைப்பை ஒரு தொடரால் விளக்குதல் மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்ற நெறியாகும்.