ஆணி அடிக்காத சுவர்

என் அம்மா மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தது 1997-இல். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்றுவரை முன்னறைச் சுவரில் ஓர் ஆணிகூடக் கிடையாது. அப்பாவின் படத்தை அலமாரி மேல் சாய்த்து வைத்திருக்கிறார். ஒரு தீபாவளிக்கு நான் டிரில் மெஷினோடு போய் நின்றபோது பதறிவிட்டார்.

"செவுத்துல ஓட்ட போடாதம்மா. நாளைக்கு யாராச்சும் கேட்டா என்னா சொல்றது?"

"யாரும்மா கேக்கப் போறா? வீடு உங்க பேர்லதான இருக்கு?"

"இருந்தாலும்..." என்று இழுத்தார். படம் இன்னும் சாய்ந்தபடியேதான் இருக்கிறது.

அந்த 'இருந்தாலும்' எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் லயத்து வீட்டை மறுபடி நினைத்துப் பார்க்கத் தொடங்கினேன். தோட்டப்புற வாழ்க்கை பற்றி நம்மிடம் நாவல்களும் கட்டுரைகளும் நிறையவே இருக்கின்றன. கங்காணி, கள்ளுக்கடை, மலேரியா, சயாம் மரண ரயில் எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் பால்மரம் வெட்டிவிட்டு வந்த பெண்கள், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையை எப்படி ஒரு வீடாக்கினார்கள் என்பது ஓரமாகத்தான் வருகிறது. அதை வரலாறாக நாம் கருதவில்லை. வீட்டு வேலை என்று விட்டுவிட்டோம்.

முதலில் கைக்கு வந்த காசு. 1930 பொருளாதார மந்தத்துக்கு முன்பு, போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பதே நிர்ணயிக்கப்பட்ட சம்பளம். மந்தம் வந்ததும் அதிலும் கை வைத்தார்கள். அரிசி, மளிகைக் கடன், ஊருக்கு அனுப்பும் பணம் போக வீட்டுக்கென்று என்ன மிஞ்சும்? அதனால் பாட்டியின் வீட்டில் காசு கொடுத்து வாங்கிய பொருள்களைவிட வேறு வேலைக்காக வந்து அங்கேயே தங்கிவிட்ட பொருள்கள்தான் அதிகம்.

மண்ணெண்ணெய் அப்போது சதுர டின்களில் வரும். இரண்டு டின்னுக்கு ஒரு பலகைப் பெட்டி. பெட்டியைப் படுக்க வைத்தால் பெஞ்சு, நிமிர்த்தி வைத்தால் தட்டு வைக்கும் அலமாரி. டின்னின் வாயை வெட்டிக் குறுக்கே கட்டை அடித்தால் தண்ணீர் வாளி. கோதுமை மாவு வந்த துணிப்பையைச் சோப்புப் போட்டு வெயிலில் வெளுத்தால் தலையணை உறை, சன்னல் திரை. எழுத்து போகாத பை உள்பாவாடைக்கு. பலகைச் சுவரின் இடுக்குகளில் காற்றும் பக்கத்து வீட்டுக் கண்ணும் புகாமல் இருக்கப் பழைய 'தமிழ் நேச'னை மாவுப் பசையால் ஒட்டுவார்கள். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்தச் சுவரில்தானாம்.

பாட்டியின் வீட்டில் இன்னொன்றும் உண்டு. சாமி படம், காலண்டர், டிரங்குப் பெட்டி, பாய், செடி வைத்த பால் டின் என எல்லாமே ஒரே நாளில் தூக்கிக்கொண்டு கிளம்பக்கூடியவை. நகராத எதிலும் அவர் காசு போடவில்லை. சிக்கனம் ஒரு காரணம். பெரிய காரணம், வீடு வேலையோடு ஒட்டியது என்பது. மண்டோரோடு தகராறு, தீராத நோய், வயது என்று எதனால் வேலை போனாலும் கூரையும் போகும். அந்த வீட்டுக்கு யார் வரலாம் என்பதுகூடத் தொழிலாளி கையில் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, உறவினரும் நண்பர்களும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும் என்பது. சம்பள உயர்வோடு சேர்த்து இதையும் கேட்க வேண்டியிருந்தது. சொந்த அண்ணன் வந்து உட்காரவே அனுமதி தேவைப்படும் வீட்டில், வந்தவரை உட்கார வைக்கப் பாட்டி ஒரு பெஞ்சு செய்து வைத்திருந்தார்.

ஜப்பான்காரன் காலத்தில் டிரங்குப் பெட்டியில் இருந்த சேலைகள் ஒவ்வொன்றாக மரவள்ளிக் கிழங்காக மாறின என்பார் பாட்டி. பிறகு அவசரகாலம். 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபின் சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டி முள்வேலி போட்டார்கள். பாட்டியும் இடம் மாறினார். பெட்டி, டின், படங்கள் எல்லாம் மாட்டு வண்டியில் ஏறின. புது லயத்தில் அன்று மாலையே விளக்கேற்றிவிட்டதாகப் பெருமையாகச் சொல்வார். எனக்கு அந்தப் பெருமை பல காலம் புரியவில்லை.

நான் வளர்ந்த லயம் செங்கல் சுவர். 1966-இல் தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்துவிட்டது. அது வீடு எப்படி இருக்க வேண்டும் என்று பேசியது. யாருடையது என்று பேசவில்லை. எங்கள் தோட்டத்தில் சுவர் பழுதானால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் ஆணிக்குத் தடை. அம்மா கூட்டுப் பணம் கட்டிக் கண்ணாடி அலமாரி வாங்கி எவர்சில்வர் பாத்திரங்களை வரிசையாக அடுக்கினார். தீபாவளிக்குத் தீபாவளி புதுத் தீக்கார் வாங்கிச் சிமெண்டுத் தரையில் விரித்தார். பழையது குசினிக்குப் போகும். எதுவும் தரையோடு ஒட்டப்படவில்லை. சுருட்டினால் தோளில் ஏறிவிடும்.

இதை அழகாகச் சொல்லிவிட்டு நகர எனக்குக் கூச்சமாக இருக்கிறது. விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு ஓடிய பெண்தான் வேலை முடிந்து வந்து அலமாரியையும் துடைத்தார். சுத்தம் நிர்வாகத்துக்கும் தேவைப்பட்டது. டிரஸர் லயத்தைப் பார்வையிட வருவார். தண்ணீர் தேங்கிய டின்னைக் கண்டால் கொசு என்று செடியோடு கவிழ்த்துவிடுவார். அதனால் எங்கள் வீட்டில் இருந்த ஒரே பெரிய ஆணி, பால் டின்னின் அடியில் ஓட்டை போடுவதற்கு. ஆனாலும் அந்த டின்களில் கனகாம்பரம் வைக்கச் சொல்லி எந்த டிரஸரும் சொல்லவில்லை. அது அம்மாவின் விருப்பம்.

தோட்டம் வீடமைப்புக்குக் கைமாறியபோது எங்களுக்கு அடுக்குமாடியில் 25,000 வெள்ளி வீடு கிடைத்தது. 1980களில் மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் வைத்த உச்ச விலை அது. அறுபது வருடம் மூன்று லயங்களில் குடியிருந்த குடும்பத்துக்கு முதல் சொந்தச் சுவர். அதைத்தான் அம்மா தொடாமல் வைத்திருக்கிறார்.

சென்ற மாதம் அடுக்குமாடி நிர்வாகம் ஒரு நோட்டீஸ் ஒட்டியது. நடைபாதையில் பூச்செடி வைக்கக் கூடாது, ஏழு நாளில் அகற்ற வேண்டும். நான் போனபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் சிமெண்டுத் தொட்டிகளை என்ன செய்வது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் இருபது டின்களும் ஏற்கெனவே குசினி சன்னலோரம், பலகை மேல் வரிசையாக நின்றன.

"பாத்தியா, நான் சொல்லல?" என்றார்.

நான் டிரில் மெஷினைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அடுத்த முறையும் எடுத்துப் போகத்தான் போகிறேன். அப்பா படம் ஒரு சுவரிலாவது தொங்க வேண்டும்.