சிகிரியாவும் பக்கத்துக் குன்றும்

பெரு நாட்டிலே, இன்கா வேந்தர் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மச்சு பிச்சு நகரின் இடிபாடுகளை அடுத்து, வைனா பிச்சு என்னும் செங்குத்தான சிகரம் நிற்கின்றது. நகரைக் காணச் செல்வோர் சிலர் அதன்மீதேறி, அந்நகரம் முழுவதையும் ஒருசேரக் கீழ்நோக்கிக் காண்பர். அத்துணைத் தொலைவு செல்லல் நம்மிற் பலருக்கு அரிது. ஆயினும், கொலன்னாவையிலோ வெள்ளவத்தையிலோ வாழும் ஒருவர் காலையிற் புறக்கோட்டையிலே பேருந்து ஏறுவாராயின், குருநாகல், தம்புள்ளை வழியாக, அதனையொத்த ஓரிடத்தை அன்றைக்கே அடைந்துவிடலாம். சிகிரியாக் குன்றையும், அதற்கு வடக்கே அண்மையில் நிற்கும் பிதுரங்கலக் குன்றையுமே குறிப்பிடுகின்றேன்.

இரண்டிலும் ஏற எண்ணுவோர், அன்றிரவு அங்கே தங்கி, விடியுமுன் பிதுரங்கலவில் ஏறுவதே தக்கது. அடிவாரத்தில் விகாரை உண்டு. ஆதலின் தோளும் முழங்காலும் மறைய உடுத்திச் செல்லல் வேண்டும். உச்சிக்குச் சற்றுக் கீழே, செங்கல்லாற் சமைத்த பள்ளிகொண்ட புத்தர் உருவம் கிடக்கின்றது. புதையல் தேடுவோரால் உடைக்கப்பட்டுப் பின்னர்த் திருத்தப்பெற்றது அது. அதற்கப்பாற் படிகள் இல்லை. பெரும்பாறைகளைக் கையாற் பற்றித் தாவி ஏறல் வேண்டும். மழை பெய்த நாளில் அம்முயற்சி வேண்டா.

உச்சியில் நின்று நோக்குவார்க்கு, காட்டின் நடுவே ஏறக்குறைய 180 மீற்றர் உயர்ந்து தனித்து நிற்கும் சிகிரியா எதிரே தோன்றும். அக்குன்றை அரணாக்கியவன் காசியப்பன். 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆண்டவன். அவன் தந்தை தாதுசேனன், பாண்டியர் வழியினரை வென்று அநுராதபுரத்தை மீட்டவன், கலாவாவியைக் கட்டியவன். கருவூலம் எங்கேயென்று மகன் வினவ, அம்மன்னன் கலாவாவியில் இறங்கி நீராடி, அந்நீரைக் காட்டி, இதுவே என் செல்வம் என்றனன் எனச் சூளவம்சம் கூறும். சினந்த மகன் தந்தையைக் கொல்வித்தான். உரிமை மைந்தனான மொகல்லானன் இந்தியாவுக்கு ஓடினான். அவன் மீள்வான் என்னும் அச்சமே காசியப்பனைக் குன்றின்மேல் ஏற்றியது என்பது வழிவழி வந்த கதை.

அச்சம் ஒன்றே காரணமாயின், அடிவாரத்து நீர்ப்பூங்காக்கள் எதற்கு? மழைக்காலத்தில் இன்றும் நீர் சொரியும் ஊற்றுக்கள் எதற்கு? செனரத் பரணவிதான, குபேரனது அளகாபுரியை மண்ணிற் சமைக்க முயன்ற அரசனின் வேலையே இது என்றார். பிக்குகள் வாழ்ந்த மடமே இது, அரண்மனையன்று என்பாரும் உளர். காசியப்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இங்குள்ள குகைகளிற் பிக்குகள் வாழ்ந்தமைக்குப் பிராமிக் கல்வெட்டுகள் சான்று. அவன் அவர்களைப் பிதுரங்கலவுக்கு அனுப்பி, அங்கே மடம் அமைத்தான் என்பது மரபு. என் எண்ணம் இது: அஞ்சுபவன் மதில் எழுப்புவான், அஞ்சுபவன் ஊற்று அமைப்பதில்லை. கதையைச் சொன்னோர் மொகல்லானன் வென்ற பின்னரே எழுதினர் என்பதையும் மறத்தலாகாது. இறுதிப் போரில், சேற்றைக் கண்ட யானை திரும்ப, அரசன் புறங்கொடுத்தான் என்றெண்ணிப் படை சிதற, காசியப்பன் தன் வாளால் மாய்ந்தான்.

பிறகு சிகிரியாவில் ஏறுக. நடுவழியில், பாறைக்குடைவில், அழகிய மகளிர் ஓவியங்கள். 1967இல் விஷமிகளின் வண்ணப்பூச்சுக்கு ஆளாகி மீட்கப்பெற்றவை. அருகே கண்ணாடிச் சுவர். 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை வந்து ஏறியோர் அதன்மீது பொறித்த சிங்களப் பாக்கள் 685ஐப் பரணவிதான 1956இற் பதிப்பித்தார். அரசரல்லர் அவர்கள், பிக்குகளும், வீரரும், மகளிருமாய்ப் பலரும் உளர். ஓவியப் பெண்டிரை விளித்து ஏங்கினர், பகடி செய்தனர், தத்தம் பெயரும் பொறித்தனர். அன்று அது கவிதை, இன்று குற்றம். 2015இல் அச்சுவரில் எழுதிய இளம்பெண் ஒருவருக்கு ஈராண்டுச் சிறை விதிக்கப்பட்டு, பின்னர் மன்னிப்பு வழங்கப்பெற்றது.

மேலே, பெல் துரையவர்கள் 1890களில் அகழ்ந்து வெளிப்படுத்திய பெருஞ்சிங்கத்தின் இரு பாதங்கள் நடுவே இறுதிப்படிகள் தொடங்கும். அவ்விடத்திற் கூச்சலிடாதீர், குளவிகள் உண்டு. பாட்டெழுத மனங்கொண்டோர் குறிப்பேடு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்க.